கோட்டை வாசலில் அழாமல் நின்றவள்

பெருமுக்கல்,
திண்டிவனம் வட்டம்.
19.1.2025

மதிப்பிற்குரிய இயக்குநர் நாசியா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி கடிதம் எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். படத்துக்கு ஆள் சேர்த்துவிட்ட சீனுவாசன் அண்ணன் உங்கள் போன் நம்பரைத்தான் கொடுத்தார். இரண்டு முறை போட்டேன். நீங்கள் எடுத்து "ஹலோ" என்றதும் கட் செய்துவிட்டேன். எனக்குப் பேச வராது. அதனால் முகவரி கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

என் பெயர் பானுப்ரியா. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான்தான். திண்டிவனத்தில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிசல்ட் கொடுக்கிற கவுண்டரில் வேலை செய்கிறேன்.

போன ஆடி மாதம் எங்கள் மலையடியில் பலகையால் கோட்டை வாசல் கட்டி உங்கள் ராணி படத்தை எடுத்தீர்கள். மருமகள் இறந்துபோகிறாள், நாடே அழுகிறது, ராணி மட்டும் அழவில்லை. அவள் வெளியே வந்து அழுதே தீர வேண்டும் என்று சனங்கள் வாசலில் கூடுகிறார்கள். அந்தக் காட்சிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என் அம்மா லட்சுமியம்மாள்.

"யக்கா, அழுவுக்கா! எல்லாரும் அழுவுறாங்கள்ல?" என்று சீனுவாசன் அண்ணன் கத்தினார்.

"யாருக்குடா அழுவுறது? செத்துப்போன பொண்ணு தோ, வேப்பமரத்தாண்ட டீ குடிச்சிக்கினு இருக்குது" என்றாள் அம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டதால் நீங்கள் மறுபடி எடுத்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

இப்போது டிரெய்லரில் அந்த முகம் பெரிதாக வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா பாண்டுரங்கன் போன மாசியில் இறந்தார். மூன்று வருஷம் கிட்னி வியாதி. அம்மாதான் பார்த்துக்கொண்டாள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் பெண்கள் கும்பல் கும்பலாக வருவார்கள். ஒவ்வொரு கும்பல் வரும்போதும் புருஷனை இழந்தவள் எழுந்து, அவர்களைக் கட்டிக்கொண்டு புதிதாக அழ ஆரம்பிக்க வேண்டும். முதல் கும்பலோடு அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த கும்பல் தெருமுனையில் வரும்போது எழுந்து போய் மாட்டைக் கறந்தாள். காலையிலிருந்து மடி கட்டி அது கத்திக்கொண்டே இருந்தது. வந்த பெண்கள் அதைப் பார்த்துத் தெருமுனையிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

என் அண்ணன் பிரவீன்குமார் குவைத்தில் டிரைவர். லீவு கிடைக்காமல் வாட்ஸ்அப் வீடியோவில்தான் அப்பாவைப் பார்த்தான். "அம்மாவக் காட்டுங்க மாமா" என்றான். மாமா போனை மாட்டுக் கொட்டாய் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு அவன் அம்மாவோடு பேசவில்லை.

டிரெய்லரிலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டி, "புருஷன் செத்தப்பவே அழாத பொம்பள" என்று எழுதி எங்கள் ஊர்ப் பையன்களே போட்டிருக்கிறார்கள். அது குவைத் வரைக்கும் போய்விட்டது. "படத்துலேர்ந்து அம்மா மூஞ்ச எடுக்கச் சொல்லு. எடுத்தாதான் தெவசத்துக்கு வருவேன்" என்கிறான் அண்ணன். இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கலும் இல்லை. அவனும் வராவிட்டால் வீடு வீடாகவே இருக்காது.

தயவுசெய்து அம்மாவின் முகத்தை எடுத்துவிடுங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பா. பானுப்ரியா


சென்னை,
27.1.2025

அன்புள்ள பானுப்ரியாவுக்கு,

மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும். கூட்டத்தில் நின்ற ஒருவரின் முகத்தைப் பெரிதாகப் போடுவதற்கு முன் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. (போனை எடுத்தால் கட் ஆகிறதே, யாரோ கடன்காரர் என்று நினைத்தேன்!)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முகத்தை எடுத்தால் காட்சி விழுந்துவிடும். ராணி கோட்டை மேலிருந்து கீழே பார்க்கிறாள். எல்லாரும் அவளிடம் கண்ணீர் கேட்கிறார்கள். ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. அவளைப் பார்த்த பிறகுதான் ராணி தலையை நிமிர்த்துகிறாள். இது நான் எழுதி வைத்த காட்சி இல்லை. உங்கள் அம்மா நின்றதால் வந்தது.

ஆனால் தயாரிப்பாளருக்கு ராணி அழாமல் படம் முடிவது பிடிக்கவில்லை. "சனங்க டிக்கெட் வாங்குறதே அழுவத்தான்மா" என்கிறார். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. முகத்தை எடுக்க வேண்டாமாம். கம்ப்யூட்டரில் ராணி கன்னத்தில் ஒரு சொட்டு, உங்கள் அம்மா கன்னத்தில் ஒரு சொட்டு வைத்துவிடலாமாம். ஊரும் வாயை மூடிக்கொள்ளும், உங்கள் அண்ணனும் சமாதானம் ஆவார் என்கிறார்.

நான் கோட்டக்குப்பத்தில் வளர்ந்தவள். என் வாப்பா மவுத்தானபோது என் உம்மா மஹபூப் பீவி, "சத்தம் போட்டு அழாதீங்க, அவங்களுக்காக துஆ கேளுங்க" என்று எல்லாரையும் அடக்கிவிட்டார்கள். "உங்க வீடு சாவு வீடு மாதிரியே இல்லியே" என்று பக்கத்து வீட்டம்மா என் காதுபடச் சொன்னார். எனக்கு வயது பதினான்கு. இந்தப் படத்தை அன்றைக்கே எடுக்க ஆரம்பித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் அது என் முகம் இல்லை. எடுப்பதா, சொட்டு வைப்பதா, அப்படியே விடுவதா, உங்கள் அம்மா சொல்லட்டும். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்வேன்.

அன்புடன்,
நாசியா


பெருமுக்கல்,
2.2.2025

அன்புள்ள நாசியா அக்காவுக்கு,

மேடம் என்று எழுதிப் பார்த்தேன், இந்தக் கடிதத்துக்கு அது ஒத்துவரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில் நான் உங்களுக்கு எழுதியதைச் சொல்ல வேண்டியிருந்தது. களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"என் மூஞ்ச எடுக்கச் சொல்றதுக்கு நீ யாருடி? இதுக்கா உன்னக் காலேஜிக்கு அனுப்புனேன்?"

அடுத்து சொட்டு வைக்கிற விஷயத்தைப் படித்தேன். அதை நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எவனோ மெட்ராஸ்ல குந்திக்கினு எனுக்குக் கண்ணீர் ஊத்துவானா? மூணு வருசம் அந்த மனுசனக் கழுவி வுட்டு, சோறு ஊட்டி, கிட்னி மிஷின்ல படுக்க வச்சி இஸ்துக்கினு வந்தவ நானு. அப்ப இந்த ஊர்ல எவ வந்து எட்டிப் பாத்தா? செத்த அன்னிக்கு மட்டும் நான் அழுவுறதப் பாக்கணுமாம். நான் அழுதனா இல்லியான்றது எனுக்கும் உங்கப்பனுக்கும் நடுவுல. அதுல ராணிக்கும் பங்கு இல்ல, உங்க அண்ணனுக்கும் பங்கு இல்ல."

பிறகு என்னைப் பார்த்து, "உனுக்கும் இல்ல" என்றாள்.

அக்கா, நான் தினமும் கவுண்டரில் இருந்து முகங்களைப் பார்க்கிறவள். கெட்ட ரிசல்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "செஞ்சி பஸ்ஸு எப்பம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று வந்த ரிசல்ட்டுக்குத் தரையில் உட்கார்ந்து அழுகிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு துக்கம் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு என்னால் சொல்ல முடிந்ததில்லை. வேறு யாராலும் முடியும் என்றும் நான் நம்பவில்லை. இவ்வளவு தெரிந்தவள் என் அம்மா விஷயத்தில் மட்டும் ஊர் பேச்சுக்குப் பயந்துவிட்டேன்.

அண்ணனிடம் பேசினேன். போனில்தான். சொட்டு என்றதும் அவனுக்கு சந்தோஷம்.

"அதான் பானு கரெக்ட்டு. ஒரு சொட்டு வச்சிட்டா எல்லாரு வாயும் மூடிக்கும். ஜல்தி சரின்னு சொல்லிடு."

"அப்பா செத்தப்ப நீ அழுதியா அண்ணா?"

"இன்னா கேள்வி இது? வண்டிய ஓரங்கட்டிட்டு எவ்ளோ நேரம் அழுதேன் தெரியுமா?"

"யாரு பாத்தா? உன்ன யாராவது வீடியோ எடுத்தாங்களா? எங்களுக்கு நீ போட்டு காட்டுனியா? நீ சொல்ற, நான் நம்புறேன். அம்மாவ மட்டும் ஏன் காட்டச் சொல்ற?"

நான் இவ்வளவு நீளமாக அவனிடம் பேசியதே இல்லை. அந்தப் பக்கம் அவன் ஹாரனை அடித்தான். பிறகு, "தெவசத்துக்கு என்னை எதிர்பாக்காதீங்க" என்று வைத்துவிட்டான்.

வராவிட்டால் வராமல் இருக்கட்டும்.

எங்கள் பதில் இதுதான். அம்மாவின் முகத்தை எடுக்கக் கூடாது. அதில் ஒரு சொட்டும் வைக்கக் கூடாது. நான் முன்பு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கீழே அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கொல்லை மண்ணோடு. இன்னொன்றும் சொல்லச் சொன்னாள். "அந்த ராணிக்கும் ஊத்தக் கூடாதுன்னு சொல்லுடி. பாவம், அவ நிமிந்து நிக்கிறதே பெருசு."

இப்படிக்கு,
பானுப்ரியா
லட்சுமியம்மாள்


சென்னை,
12.2.2025

அன்புள்ள பானு,

இனிமேல் உன்னை 'நீங்கள்' என்று எழுத முடியாது.

உன் கடிதத்தைத் தயாரிப்பாளர் முன்னால் வைத்து, முழுதாகப் படித்தேன். அம்மா பேச்சு வந்த இடத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க சார், அழாமலே அழவைக்குது" என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் சண்டை. ராணிக்குச் சொட்டு வைத்தால் என் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு முகமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இவ்வளவு வறண்ட படத்துக்கு இவ்வளவு தியேட்டர் எதற்கு என்று பாதியாகக் குறைத்துவிட்டார். விழுப்புரத்தில் ஒரு காட்சி, திண்டிவனத்தில் ஒரு காட்சி. மார்ச் 14. பரவாயில்லை.

அதற்கு முன் சென்னையில் எங்களுக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறோம். கார் அனுப்புகிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வா. ராணியாக நடித்தவர் அவர்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
நாசியா அக்கா


பெருமுக்கல்,
16.2.2025

அன்புள்ள நாசியா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் வராது. அவளுக்கு சந்தோஷம்தான்.

ஊரிலும் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் சவுரியம்மாள் அக்கா சத்தமாகவே சொன்னார்: "நாங்க தொண்ட கிழிய அழுதோம், ஒருத்தி மூஞ்சியும் தெரில. சும்மா நின்னவ மூஞ்சிதான் போஸ்டர் சைசுக்கு வருதாம்."

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அடுத்த தபா நீயும் சும்மா நில்லு, யாரு வாணான்னது?"

குழாயடியே சிரித்துவிட்டது. சவுரியம்மாள் அக்காவும் சிரித்தார். அவ்வளவுதான், வீட்டுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. முதல் காட்சிக்குப் போக எல்லாரும் சேர்ந்து வேன் பேசியிருக்கிறார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் பஸ்ஸில் போவோம். நடு வரிசையில் உட்காருவோம்.

திவசம் மாசி இருபது. அண்ணன் வரப்போவதில்லை. மாமா, "பங்காளி வீட்டுப் பையன் யாரையாவது வச்சி செஞ்சிடலாம்" என்றார். நான் செய்கிறேன் என்றேன். "பொம்பளப் புள்ள செய்யறதா? ஊர் இன்னா சொல்லும்?" என்றார். ஊர் சொல்லாதது இன்னும் என்ன இருக்கிறது மாமா என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம். பூசாரியிடம் பேசி முடித்துவிட்டேன்.

சென்னைக்கு வரச் சொன்னீர்கள். அம்மா வரமாட்டாள். ராணியம்மாவிடம் தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் உங்களிடம் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. போன கடிதத்திலேயே எழுதி அடித்துவிட்டேன். இதிலும் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அன்றைக்குத் தெருமுனையில் திரும்பிப் போனார்களே, அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒரு வருஷமாக எங்கள் வீட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வந்ததில்லை. எப்படிப் போனார், கடைசியாக என்ன சாப்பிட்டார், உன்னிடம் ஏதாவது சொன்னாரா என்று சாவு வீட்டில் கேட்பார்கள் இல்லையா, அதை என் அம்மாவிடம் ஒரு மனுஷிகூடக் கேட்கவில்லை. அவள் அழவில்லை என்பதால் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நானும் கேட்டதில்லை. மகள் கேட்டால் சொல்லமாட்டாள்.

நீங்கள் வாருங்கள் அக்கா. படத்துக்காக வேண்டாம், காமிரா வேண்டாம். துக்கம் விசாரிக்க வாருங்கள். கட்டிப்பிடித்து அழ வேண்டாம், அவளும் அழமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பார்கள். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்து, "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டே புறப்படுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பானு