தோள்மூட்டில் விழுந்த ஊசி

அக்டோபர் 14, திங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, ஏதாவது தொந்தரவு உண்டா என்று விசாரிக்கும் வேலை இன்றுமுதல் என் தலையில். பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை. ஒருவர் தன் மாடு கன்று போட்டதைச் சொல்லிவிட்டு வைத்தார்.

அக்டோபர் 16

திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டும் அமுதா போனில் அழுதாள். "கையத் தூக்க முடியல சிஸ்டர். பந்தலுக்கு எட்டல. வேலைக்கு வேணாம்னு அனுப்பிட்டாக." ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும். இது அப்படியில்லை. வரச் சொன்னேன்.

அக்டோபர் 17

அமுதா ஊசி ஏறிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தோள் எலும்பின் முனையை ஒட்டி! மூட்டிலேயே இறங்கியிருக்கும். குறை மருந்தில் இல்லை, போட்டவன் கையில். மற்றவர்களையும் போனில் தோள்வலி உண்டா என்று கேட்டேன். ஜீப் ஓட்டும் சுருளி அண்ணனுக்குச் சட்டை மாட்ட முடியவில்லை. ராஜமணி டீச்சருக்கு ஜடை பின்ன முடியவில்லை. மூவருக்கும் போட்டது ஜஸ்டின். டாக்டரின் மச்சினன். போன மாதம்வரை எங்கள் மருந்துக்கடையில் பில் போட்டவன். தூ!

அக்டோபர் 18

டாக்டரிடம் சொன்னேன். பிரியாணி சாப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை.

"காய்ச்சல் இருக்கான்னு மட்டும் கேளு ஷீபா. தோட்ட வேல பாக்குறவளுக்குத் தோள்வலி புதுசா?"

சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினார்.

அக்டோபர் 19

ஜஸ்டின் இன்றும் ஊசி போட்டான்.

அக்டோபர் 21

அமுதாவின் தெருவில் இனி யாரும் ஊசிக்கு வரமாட்டார்களாம். அவள் அப்பா மரியராஜும்தான். ஆஸ்துமாக்காரர். போன மழைக்கு ஃப்ளூ வந்து, பிழைத்ததே பெரிது. இவன் செய்த கோளாறுக்கு அந்த மனுசன் சாகணுமா?

தேனிக்குப் போன் போட்டு, தடுப்பூசிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். வேலை போகுமோ — போகட்டும்.

அக்டோபர் 25

அதிகாரி நேரில் வந்து மூவரின் தோளையும் பார்த்தார். ஜஸ்டின் இனி ஊசியைத் தொடக்கூடாது. மூவருக்கும் ஆஸ்பத்திரி செலவில் வைத்தியம். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நான்தான் சார் சந்தேகப்பட்டு இந்தப் பிள்ளைய விசாரிக்கச் சொன்னேன்." முகத்தில் ஒரு கூச்சம்? ம்ஹூம். அதிகாரியின் வண்டி கிளம்பியதும் என்னை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்த ஆளையா நான் இவ்வளவு நாளும் எழுந்து நின்று கும்பிட்டேன்?

நவம்பர் 27

சின்னமனூர் கிளினிக். சம்பளம் குறைவு, பரவாயில்லை.

மழையில் அமுதா பஸ் ஏறி வந்திருந்தாள், அப்பாவையும் இழுத்துக்கொண்டு. கை இப்போது காதுவரை போகிறது. பந்தலுக்கு இன்னும் எட்டவில்லை.

"அப்பாவுக்கு நீங்க போடுங்க சிஸ்டர்."

மரியராஜ் யாரையும் பார்க்காமல் சட்டையைக் கழற்றினார். எலும்பு முனையைத் தடவி, அதிலிருந்து மூன்று விரல் கீழே இறங்கி, பஞ்சால் துடைத்தேன். அமுதா குனிந்து அந்த இடத்தையே உற்றுப் பார்த்தாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி, போடுங்க" என்றாள்.