புளியில் குளித்த காசு

மச்சாள்,

இன்று பொங்கலுக்குக் குத்துவிளக்கு மினுக்கப் புளி கரைத்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது பொங்கல். இன்னமும் எனக்குப் புளி என்றால் உங்கள் காசுதான் நினைவு.

வட்டக்கச்சியில் எங்கள் வயலில் உழவு மெசின் இறங்கினால் பின்னால் கொக்குகள் வரும். கொக்குகளோடு நீங்களும் வருவீர்கள், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு. அதுகளுக்குப் புழு, உங்களுக்குக் காசு. எந்தக் காலத்து அரசன் அடித்த செப்புக் காசோ, பச்சையும் கறுப்புமாய்க் களிம்பு ஏறிக் கிடக்கும். என் கண்ணுக்கு மண்ணாங்கட்டி. நீங்கள் விளிம்பில் பிடித்து வெயிலில் சரித்துக் காட்டினால், ஐயோ, உள்ளே ஒரு மனிதன் நிற்பான்! எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஊருக்கெல்லாம் சட்டை தைத்த நீங்கள் காசுக்கும் தைத்தீர்கள். கஞ்சி போகப் பலமுறை அலசிய பருத்தித் துணியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். காசுக்கு ஒரு பை. காசும் காசும் உரசக்கூடாது, கை வியர்வை படக்கூடாது. ஒவ்வொரு பையின் மடிப்புக்குள்ளும் அது கிடைத்த இடத்தை நூலால் எழுதுவீர்கள்: வாய்க்கால் கரை, மேட்டு வயல், கிணற்றடி. பிறகு சுருட்டி, தையல் மெசின் லாச்சியை இழுத்து உள்ளே வைப்பீர்கள்.

நான் உங்கள் தம்பியைக் கலியாணம் கட்டி வந்த முதல் பொங்கல். உங்களைச் சந்தோசப்படுத்த நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். விளக்கு மினுக்கிய புளியிலேயே உங்கள் பெரிய காசையும் ஊறப்போட்டு, குசினி அடுப்படியிலேயே இருந்து சாம்பலால் தேய்த்தேன். புதுச் செம்பாய்ப் பளபளத்தது. நின்ற மனிதனைக் காணவில்லை. அவன் அந்தக் களிம்பில்தான் இருந்திருக்கிறான்.

"என்னடி செய்துபோட்டாய்? மண் எத்தினை நூறு வருசமாத் தைச்ச சட்டையடி இது!"

அன்றே துணியின் முன்வரிசையில் புதுப் பை ஒன்று தைத்து அந்த மொட்டைக் காசை வைத்தீர்கள். "எறிஞ்சுபோடுங்கோ மச்சாள்" என்று அழுதேன். "இருக்கட்டும்" என்றீர்கள். என்னைக் குத்திக்காட்டத்தான் முன்னுக்கு வைத்தீர்கள் என்று எத்தனை வருடம் மனதுக்குள் கறுவியிருப்பேன்! அந்தப் பையை மட்டும் நான் திறந்ததேயில்லை.

சண்டையில் இடம்பெயர்ந்தபோது தையல் மெசினை விட்டுவிட்டு வந்தோம். துணிச் சுருள் உங்கள் இடுப்பில் வந்தது. "அரிசியை விட்டிட்டுச் செப்புக் காசே கொண்டுவாறியள்?" என்று உங்கள் தம்பி கத்தினார். "ஓம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

இன்று கையைக் கழுவித் துடைத்து, முதல் தடவையாக அந்தப் பையைத் திறந்தேன். மொட்டைக் காசு பளபளக்கவில்லை, மச்சாள். மெல்லிய பழுப்பில் மறுபடி சட்டை போடத் தொடங்கியிருக்கிறது, யாரும் கேளாமலே. எவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேனோ தெரியாது. பிறகு பையின் மடிப்பைத் திருப்பினேன். கிடைத்த இடத்தை எழுதும் இடத்தில், சிவப்பு நூலில், உங்கள் கையெழுத்து:

குசினி.

சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. வயலில் எடுத்ததைப்போல அதையும் எங்கள் வீட்டில் எடுத்த காசாக எழுதி வைத்திருக்கிறீர்கள். நான்தான் இத்தனை வருடம் வாசிக்கவில்லை.

காசை விளிம்பில் பிடித்து அதன் பைக்குள்ளேயே வைத்தேன். கறுக்கட்டும், மச்சாள். நான் தொடமாட்டேன்.