கட்டிலுக்கு அடியில்

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

பயப்படாமல் ஒரு கதை கேளுங்கள். நேற்று ஆஸ்பத்திரி வார்டில் முழங்கால் போட்டுக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து சூப்பர்வைசர் கத்திவிட்டார்.

“வேலை நேரத்துல ஜெபமா? வீட்டுக்கு அனுப்பிடுவேன்!”

ஈரத்துணியைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அங்கெல்லாம் யாரு பார்க்கப் போறா? உங்க சாமி தண்டிச்சிருவாருன்னு பயமா? இல்ல, மோட்சத்துல இடம் பிடிக்கிறியா?”

“ரெண்டும் இல்ல சார். நான் ஊர்ல இருந்து கிளம்புறப்போ செருப்பு வார் அறுந்துபோச்சு. நான் கேக்காமலே எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்து தைச்சுக் குடுத்தார். அப்படிப்பட்ட மனுஷன் ஒண்ணு சொன்னா தட்ட மனசு வருமா? ஆண்டவர் எனக்காக உயிரையே குடுத்திருக்கார். அவருக்குச் செய்ய பயம் எதுக்கு, கூலி எதுக்கு?”

இன்று காலையில் அவரே நீளக் கைப்பிடி வைத்த துடைப்பான் ஒன்றைக் கொடுத்து, “முட்டியைத் தேய்ச்சுக்காதே” என்றார். உங்களைப் பற்றிச் சொன்னபோது நான் ஒரு சாண் வளர்ந்துவிட்டேன், போங்கள்!

பாப்பாவின் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. அந்த வார் மறுபடியும் அறுந்துவிட்டது. இங்கேயும் தைக்க ஆள் இருக்கிறது. ஆனால் நான் கொடுக்கவில்லை, ஊக்கு குத்தி நடக்கிறேன். ஊசியும் நூலும் எடுத்து வையுங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா