பாத்து வை

ஜூன் 4
அண்ணன் வந்துவிட்டார். அண்ணி தவறிப்போன பிறகு தானே பொங்கித் தின்று ஆள் பாதியாகிவிட்டார். "பத்து நாள் இருப்பேன்" என்றார். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பட்டாளத்துக்காரரிடம் எனக்குச் சொல்லிப் பழக்கமில்லை, கேட்டுத்தான் பழக்கம்.

ஜூன் 5
என் அறையைக் காட்டினேன். சுவர் முழுக்கப் பழைய ராணுவக் கத்திகள். பகலில் பல் டாக்டர்களுக்காகப் பல்செட் தேய்க்கிறவன், மாலையில் கத்தி தேய்க்கிறேன். பழைய இரும்புக் கடையில் பொறுக்கி, எண்ணெயில் ஊறப்போட்டு, செப்புக்காசின் ஓரத்தால் துருவைச் சுரண்டி எடுத்தவை. "இதுல பாதியை நாங்க டின் திறக்கத்தான் வச்சிருந்தோம்" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரி விடுவாளா? "வீடு முழுக்கக் கத்தி மாமா. தக்காளி நறுக்க ஒண்ணு இல்ல." வந்ததிலிருந்து இப்போதுதான் சிரித்தார்.

பிறகு பெட்டியிலிருந்து தன் கத்தியை எடுத்துக் கொடுத்தார். தோல் வளையங்கள் கோத்த பிடி. முனை மட்டும் நகமளவு முறிந்திருக்கிறது. "பாத்து வை" என்றார்.

ஜூன் 7
முறிந்த முனையைத் தேய்த்துப் புதுமுனை எடுக்கக் கூடாது, கத்தியின் மதிப்பு போய்விடும் என்பார்கள் கத்தி சேர்க்கிற எங்கள் கூட்டத்தில். நான் என்ன விற்கவா போகிறேன்? அண்ணன் கத்தி. பார்த்துச் சரிசெய்து வைக்கத்தானே கொடுத்திருக்கிறார்.

ஜூன் 8
மழையில் அறைக் கதவு ஊதிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கிறது. தச்சர் நாளை, நாளை என்கிறார்.

ஜூன் 9
முனை எடுத்தாயிற்று! சாணைக்கல்லில் ஒரு தொடல், தண்ணீரில் ஒரு முக்கல். சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் உரம் போய்விடும், முனை ஈயம் மாதிரி வளையும். துளி நீலம் இல்லை. நாளை கொடுக்கும்போதே கேட்டுவிடப் போகிறேன், இருந்துவிடுங்கள் என்று.

ஜூன் 10
விரலால் தடவிப் பார்த்தார்.
"முனை எங்கடா?"
"இதோ இருக்கே."
"இது இல்ல. பாத்து வைன்னா பத்திரமா வைன்னு அர்த்தம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். பட்டாளத்தில் இருந்தபோது வண்டி ஆற்றில் கவிழ்ந்து ஓட்டுநர் பக்கக் கதவு இறுகிவிட்டதாம். இந்தக் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பியிருக்கிறார். முனை முறிந்தது. கதவு திறக்கவில்லை. ஓட்டுநர் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. "அவனோட ஞாபகமா எங்கிட்ட இருந்தது அந்த முறிவு ஒண்ணுதான்" என்றார்.

என்ன வேலை செஞ்சு வச்சிருக்கேன் — ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு?

ஜூன் 11
ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம். பெட்டி கட்டியாகிவிட்டது. கத்தியும் அதற்குள்தான்.

ஜூன் 13
காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து இடித்தும் அசையவில்லை. தச்சருக்குப் போன் பண்ணச் சொல்லி வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். வந்தது அண்ணன். அவர் இழுத்ததில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"பேசிக்கிட்டே இருடா."
"ஒண்ணுமில்லண்ணே, ஜன்னல் திறந்துதான் இருக்கு. தச்சர் வரட்டும்."
"பேசுன்னா பேசு."

அந்தக் குரல் எனக்குப் புரிந்துவிட்டது. பல்செட்டைப் பற்றிப் பேசினேன். தும்மலில் பல்செட்டைக் கிணற்றுக்குள் விட்ட வாத்தியாரைப் பற்றிப் பேசினேன். பேச்சை நிறுத்தவே இல்லை. கதவிடுக்கில் இரும்பு உரசியது. டக்கென்று ஒரு சத்தம். இன்னொரு நெம்பு.

அண்ணன் மூச்சிரைக்க நின்றார், கையில் முனையில்லாத கத்தி.
"திறந்துடுச்சு" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "இது திறந்துடுச்சுடா."
எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து முனையைத் தேடி எடுத்தேன். வளையவில்லை, சுத்தமாக முறிந்திருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு
தச்சர் ஒருவழியாக வந்தார். அண்ணன் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். "இன்னும் கொஞ்சம் இழைங்க. அடுத்த மழைக்கும் என்னால நெம்பிக்கிட்டு இருக்க முடியாது."

அடுத்த மழைக்கு என்றார். இருந்துவிடுங்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கத்தியை என்னிடம் நீட்டினார். "பாத்து வை."

எண்ணெய்கூடத் தடவாமல் வைத்திருக்கிறேன்.