சஹனிலிருந்து எழுந்தவள்

அன்பு மகன் அம்மாருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ அங்கே நல்லபடியாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய், உன் லாத்தா மலிகா காதில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவள் நாத்தனார் கல்யாண விருந்தில் நாலு பெண்கள் ஒரே சஹன் தட்டில் சாப்பிடும்போது இவள் இரண்டு வாயோடு எழுந்து கழிப்பறைக்கு ஓடியது உனக்குத் தெரியும். சஹனைப் பாதியில் விட்டு எழுந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நோன்பு திறக்கும்போதும் அதே கதை. எங்க கூட கை போட்டுத் திங்க ஒங்க மகளுக்கு அருவருப்பா இருக்கோ என்று அவள் மாமி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். இந்தப் பைத்தியக்காரி வெட்கப்பட்டுக் காரணத்தைச் சொல்லவே இல்லை, அவள் மாப்பிள்ளை, உன் மச்சான் காஜா நவாஸும் மண்டபம் ஊரிலிருந்து அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்தான், ஒரு போன் இல்லை. நாங்களும் ஏதோ உள்ளே சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தோம், ஓதிய தண்ணீர் கொடுத்தோம், ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். கழிப்பறை போய் வந்தால் வயிற்று வலி தணிகிறதா, சில நாள் இளகியும் சில நாள் இறுகியும் போகிறதா, வயிறு உப்புகிறதா, மனசு பதறினால் கூடுகிறதா என்று கேட்கக் கேட்க இவள் ஆமாம் ஆமாம் என்று அழுதாள். ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, தூக்கத்தில் வலி எழுப்புகிறதா என்றும் கேட்டார், அதெல்லாம் இல்லை, ரத்தம், மலம் எல்லாம் சோதித்தும் கோளாறு இல்லை. எரிச்சல் குடல் நோயாம், உயிருக்கு ஆபத்தில்லை, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு மருந்து எடுத்தால் அடங்கும் என்றார். நீயும் வயிற்றைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிறாய், வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டு, ரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ளாதே.

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். உம்மா, அருவருப்பு இல்ல சீக்குதான்னு மாமிட்ட நானே போய்ச் சொல்லிருவேன், அவுக புரிஞ்சுக்கிருவாக என்றாள். வீட்டுக்கு வந்தால் வாப்பா முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். மச்சான் தலாக் கேட்டு ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாராம், வேறு பெண்ணும் பேசி முடித்தாகிவிட்டதாம். அவளிடம் எந்த வாயால் சொல்வேன் அம்மார்?

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறைவில்லாத சுகத்தையும் தரட்டும். லாத்தா போன் செய்தால் ஒன்றும் தெரியாதவன் போலப் பேசு. வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குக் கொண்டுபோக மாமிக்குப் பிடிக்கும் என்று தொதல் அல்வா கிண்டிக்கொண்டிருக்கிறாள், இனிப்புச் சரியாக இருக்கிறதா பாருங்க உம்மா என்று கூப்பிடுகிறாள், போகிறேன்.

உன் உம்மா,
சுலைகா
புதுமடம்