பிரித்துப்போட்ட மூன்று சுற்றுகள்

உன் தொப்பி இப்போது என் மடியில் கிடக்கிறது. நீல உல்லன் நூல். பாதியில் நின்றுபோன சுற்றில் அந்தச் சிவப்பு ஒயர் துண்டு அப்படியே செருகியிருக்கிறது. காலையில் உன் அம்மா கவரைப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மதியம் ஆகியும் நான் தொப்பியைக் கீழே வைக்கவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

போனில் வீடியோ பார்த்துக் குரோஷா கொக்கி ஊசியில் பின்னக் கற்றுக்கொண்ட நான், கம்பெனி பஸ்ஸில் உன்னைச் சும்மா விட்டேனா, உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். நூலை விரலில் வளையமாகச் சுற்று, அதற்குள் ஆறு கண்ணி போடு, தொங்குகிற நூல் வாலைப் பிடித்து இழு, நடு ஓட்டை மூடிக்கொள்ளும் என்றேன். மூடியது. உடனே நீ வாலை ஒட்ட நறுக்கினாய், கம்பெனியில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையின் வாலை நறுக்குகிற அதே வேகத்தில். இரண்டாம் சுற்றிலேயே நடுப்பகுதி வாயைப் பிளந்து, எல்லாம் உருவிக்கொண்டு வந்தது.

"அறிவிருக்காடி? வாலை ஏன்டி வெட்டுன?"

"வால் உட்டா ரிஜெக்ட்னு நீதானே தெனம் கத்திக்கினு கீற?" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

உண்மைதான். நீ கட்டுகிற ஒயரைச் சோதித்து அனுப்புவது என் வேலை. பஸ்ஸிலும் அதே அதிகாரம்தான். கண்ணிக்கு இரண்டாகப் போட்டால் பன்னிரண்டு, அடுத்த சுற்றில் பதினெட்டு, சுற்றுக்கு ஆறு கூடவேண்டும் என்று உன் உயிரை வாங்கினேன். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரியாமல் நீ விழித்தபோது, கழிவுத் தட்டில் எடுத்த சிவப்பு ஒயரை முதல் கண்ணியில் செருகி அடையாளம் காட்டினேன்.

வீடியோவில் இருந்தது கைக்குழந்தைத் தொப்பி. உன் தங்கைக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். அவள் பிள்ளைக்குத்தான் பின்னுகிறாய் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கூட்டக் கூட்டத் தொப்பி அகலமாகும், குழந்தைத் தலைக்கு ஏழு சுற்றோடு கூட்டுவதை நிறுத்து என்று சொல்லியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை நீ பத்துச் சுற்றோடு வந்து நின்றாய்.

"இன்னாடி இது, கொயந்தைக்குத் தொப்பியா, குண்டானுக்கு மூடியா?"

"பெருசாவே இருக்கட்டுமேடி."

நான் கேட்கவில்லை. ரிஜெக்ட் என்று பிடுங்கி, பஸ் புதுவாயலில் ஆள் ஏற்றி முடிப்பதற்குள் மூன்று சுற்றை உருவிப்போட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நூலை உருண்டையில் சுற்றினாய். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் லீவு போட்டாய். காய்ச்சலில் போய்விட்டாய் என்று போன் வந்தது. நானும் காய்ச்சல் என்றே நம்பி மாலை போட்டுவிட்டு வந்தேன்.

"காய்ச்சல் கடசீலதாம்மா வந்துச்சு," என்றார்கள் இன்று காலையில் வந்த உன் அம்மா. "மார்ல கட்டி. ஊசி போட்டா முடியெல்லாம் கொட்டிடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. மொட்டைத் தலையோட எப்டி வேலைக்குப் போறதுன்னு அவளே தொப்பி பின்னிக்கினு இருந்தா. முடிச்சதும் உன்கிட்ட காட்டணும்னு சொல்லிக்கினே இருந்தா. உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?"

நான் தொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் காபி குடியுங்கள் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் எண்ணினேன். கூட்டிய சுற்றுகள் பத்து. ஒருமுறை பிரித்த நூல் நெளிநெளியாகத்தான் இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் நெளிந்த நூல். நான் உருவியதை நீ வீட்டில் உட்கார்ந்து திரும்பப் பின்னியிருக்கிறாய். ஒரு கண்ணிகூடத் தப்பில்லை. உள்பக்கம் நடுவில், வெட்டாத வால் விரல் நீளத்துக்குத் தொங்குகிறது.

ஏன்டி சொல்லவில்லை? என் வாய்க்குப் பயந்தாயா? யாருக்கு என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? இந்தக் கேள்விகளோடுதான் நாளைக்கு நான் பஸ் ஏற வேண்டும், பக்கத்தில் உன் சீட் காலியாக இருக்கும்.

சற்றுமுன் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியை என் தலையில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு இன்னும் இரண்டு விரல் இறங்கவேண்டும். மற்றபடி அளவு கச்சிதம். "ஓகேடி," என்று வாய்விட்டுச் சொன்னேன். உன்னிடம் ஒரு நாளும் நான் சொல்லாத வார்த்தை அது.