அவுகளுக்கும் ஒரு தம்ளர் அரிசி

புரட்டாசி, செவ்வாய் ராத்திரி

சோத்தைக் கொட்டுறது எனக்கு ஆகவே ஆகாது. ராத்திரிக்கு எத்தனை பேரோ அத்தனை தம்ளர் அரிசிதான் போடுவேன்.

இன்னைக்குச் சாயங்காலம் உலை வைக்கையில விஸ்வநத்தம் பக்கம் பெருசா வெடிச்சத்தம். வீட்டுக்காரக வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியும் அங்கனதான். வேலைக்கு வாரவுக செல்லைக் கம்பெனி வாசல்லயே வாங்கி வச்சிருவாக. எத்தனை தடவை அடிச்சும் எடுக்க ஆளில்ல. எனக்கும் மகளுக்கும் அரிசியை அளந்து போட்டேன். அவுக தம்ளர்ல கை நின்னுருச்சு.

"அப்பாவுக்கும் போடும்மா"ன்னு மக அதட்டுனா.

தம்ளரை வீசிட்டு ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டேன்.

இருட்டுனப்புறம் வந்தாக. வெடிச்சது வேற கம்பெனியாம்.

"என்ன புள்ள, இம்புட்டுச் சோறு வடிச்சிருக்க?"

"பேசாமச் சாப்பிடுங்க"ன்னேன்.

நாளைக்கும் வேலைக்குப் போவீகளான்னு கேக்கல. அங்க எந்த வீட்டுலயோ திரும்பி வராத ஒரு ஆளு சோறு அப்படியே கெடக்கும். அதை எந்தக் கையால அந்த வீட்டுக்காரி கொட்டுவா?

இங்க மிஞ்சுனதுல தண்ணி ஊத்தி வச்சிட்டேன். விடிஞ்சதும் வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிக்க அவுக இருக்காக.